கடைக்கு லைசென்ஸ், கைக்கு இல்லை

“லைசென்ஸ் எத்தனை மாசத்துல கெடைக்கும்?”

நான் பியூட்டீஷியன் படிப்பில் சேர்ந்த செய்தி குடும்ப வாட்ஸாப் குழுவில் ஏறிய நாளிலிருந்து எல்லோரும் கேட்பது இதைத்தான். டாலஸில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள். மார்த்தாண்டத்து மாமா கேட்டார். கரமனையில் எங்கள் எதிர்வீட்டுச் சேச்சி மலையாளத்தில் கேட்டார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவளிடம் கேட்கிற தோரணையிலேயே எல்லோரும் கேட்கிறார்கள். ஆள் ஆளுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன்: நம் நாட்டில் பியூட்டீஷியனுக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது.

கடைக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் பார்லர் வைக்க வேண்டுமானால் மாநகராட்சியில் டிரேட் லைசென்ஸ் எடுக்கணும். 1960-ஆம் வருடத்துக் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறையில் பதிவு செய்யணும். இதெல்லாம் கட்டடத்தையும் முதலாளியையும் பற்றிய விஷயம். உள்ளே சூடான வேக்ஸை ஒரு பெண்ணின் மேலுதட்டில் தடவி இழுக்கப் போகிறவர் எங்கே படித்தார், படித்தாரா இல்லையா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

டாலஸ்காரிக்கு இதை நம்ப முடியவில்லை. அவர்கள் ஊரில் எஸ்தெடிஷியன் லைசென்ஸுக்கு 750 மணி நேரம் உட்கார்ந்து படிக்கணுமாம். கலிபோர்னியாவில் 600, ஜார்ஜியாவில் 1000. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. ஆனால் டெக்சஸில் நடந்த ஒரு வழக்கை அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நூலை வைத்துப் புருவம் எடுப்பதற்கும் அந்த 750 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அரசு அபராதம் போட, அஷீஷ் படேல் முதலான சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தப் பாடத்தில் 320 மணி நேரம் வரைக்கும் த்ரெடிங்குக்குத் துளியும் சம்பந்தம் இல்லாதது என்று எடுத்துக்காட்டி, 2015 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நம் தெருவில் பக்கத்து வீட்டு அக்கா தையல் மெஷின் பெட்டியிலிருந்து நூல்கண்டு எடுத்து வந்து செய்கிற வேலைக்கு அரசியல் சட்டம் வரை போயிருக்கிறார்கள்! தீர்ப்பு சரிதான். ஆனால் அந்த ஊரில் ஒருத்தி முகத்தில் கை வைக்கும் முன் யாரோ ஒருவர் அவளைப் பிடித்து நிறுத்தி “தோல் என்றால் என்ன தெரியுமா?” என்று கேட்கிறார்களே, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

லைசென்ஸ் இல்லையே தவிர, ஒழுங்கான படிப்பு இங்கேயும் இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி என்று ஒரு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருந்தால் போதும். 2022-இல் திருத்திய பாடத்திட்டப்படி 1200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் தியரி, மீதி வேலைக்கான பொதுத்திறன். இது போக வேலை செய்யும் இடத்திலேயே 150 மணி நேரப் பயிற்சி. முடித்தால் மத்திய அரசின் தேசியத் தொழிற் சான்றிதழ். கழக்கூட்டத்தில் பெண்களுக்கென்றே தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. முன்பு அதற்கு ஆர்.வி.டி.ஐ. என்று பெயர். தனியாரில் படித்தால் பியூட்டி அண்ட் வெல்னஸ் துறைக்கான திறன் கவுன்சிலின் சான்றிதழ் வாங்கலாம். பெரிய பட்ஜெட் இருந்தால், 1946-இல் தொடங்கி இப்போது சூரிச்சிலிருந்து இயங்கும் சிடெஸ்கோவின் டிப்ளமா. கப்பலிலோ வளைகுடா ஹோட்டல் ஸ்பாவிலோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதற்கு ஆசைப்படுகிறார்கள்.

கூட்டிப் பாருங்கள். மணிக்கணக்கில் நம் ஐ.டி.ஐ. பாடத்திட்டம் டெக்சஸைவிடப் பெரியது. தலைமுடி, மேக்கப் எல்லாம் சேர்த்துத்தான் என்றாலும் பெரியதுதான். படிக்க இடம் இருக்கிறது, படித்தே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியில்தான் மூன்று மாத “இன்டர்நேஷனல் டிப்ளமா”க்கள் முளைக்கின்றன.

அப்படி ஒரு இடத்துக்கு நானும் போனேன். பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பல்பு. கவுன்சலர் பெண் ஒரு ஆல்பத்தை விரித்து, கல்யாணப் பெண்களின் மேக்கப் படங்களாகக் காட்டினாள். சிங்ஙம் மாதம் கல்யாண சீசனில் என்ன சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டும் காட்டினாள். எல்லாம் கேட்டுவிட்டு, “கருவியெல்லாம் எப்படி சுத்தம் பண்ணுவீங்க?” என்றேன். மூலையில் நீல வெளிச்சம் எரியும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி “ஸ்டெரிலைசர்” என்றாள். பூட்டின பெட்டிக்குள் ட்வீசர், சீப்பு, நகவெட்டி, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். கேரளம், தமிழ்நாடு எங்கே பார்லருக்குப் போனாலும் அது இருக்கும். புற ஊதா வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். ட்வீசரின் அடிப்பக்கம், நகவெட்டியின் இடுக்கு, சீப்பின் பல்லுக்கு நடுவே எங்கெல்லாம் நிழல் விழுகிறதோ அங்கே கிருமி சுகமாக இருக்கும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தால் வெளிச்சம் அதைத் தாண்டாது. சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்க நல்ல அலமாரி, அவ்வளவுதான். முறைப்படி முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவணும், பிறகு கிருமிநாசினியில் சொன்ன நேரம் ஊறவிடணும். ரத்தம் படக்கூடிய இரும்புக் கருவியாக இருந்தால் ஆட்டோகிளேவ்: 121 டிகிரி, நீராவி அழுத்தம், 15 நிமிடம். ஸ்பிரிட்கூட நூறு சதவீதத்தை நெருங்க நெருங்க நல்லது என்று நினைக்க வேண்டாம்; எழுபது சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் கலந்திருந்தால்தான் கிருமியின் புரதத்தை அது சிதைக்கும்.

கடைசியில் நான் சேர்ந்தது ஒரு பழைய மாடிக்கட்டடத்தில் நடக்கும் ஒரு வருட வகுப்பில். கண்ணாடியைச் சுற்றி பல்பு இல்லை. ஆனால் முதல் மாதம் முழுக்கக் கை கழுவுவதும் கருவி கழுவுவதும்தான் பாடம்.

வீட்டில் அத்தைக்கு (கணவரின் அம்மா) இது பிடிக்கவில்லை. மேக்கப் என்றால் சரி, கல்யாண வீட்டுக்குக் கார் அனுப்பிக் கூப்பிடுவார்கள். “பெடிக்யூர்னா என்னதுட்டி? அடுத்தவ கால எடுத்து மடியில வச்சு கழுவணுமாமே? நம்ம வீட்டுல யாரு அந்த வேல செஞ்சிருக்கா?” அத்தை கேட்டதில் சாதி இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடி வெட்டவும் சவரம் செய்யவும் பிரசவம் பார்க்கவும் ஊருக்கு ஊர் சில குடும்பங்களை ஒதுக்கி வைத்து, அவர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. அதே வேலைக்கு ஆங்கிலப் பெயரும் ஏ.சி.யும் வந்தபிறகு எல்லாச் சாதிப் பெண்களும் வருகிறார்கள். எங்கள் வகுப்பில் இருக்கும் விழிஞ்ஞம் பெண், பாறசாலைப் பெண், நெடுமங்காட்டுப் பெண் எல்லோர் வீட்டிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. அத்தையிடம் நான் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குதிகால் வெடிப்பை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, யூரியா கிரீம் போட்டு, சாக்ஸ் மாட்டிவிட்டேன். இப்போது கேள்வி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலை நீட்டுகிறார்.

த்ரெடிங் பாடம் முழங்காலில் தொடங்கும். அடுத்தவர் புருவத்தில் கை வைக்குமுன் சொந்தக் காலில் முடி எடுத்துப் பழகணும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வதைத்தான் எல்லோரும் பார்த்திருப்போம். வாயில் இருந்த நூல் அடுத்தவர் கண்ணுக்குப் பக்கத்தில் போவது சரியில்லை என்று எங்கள் டீச்சர் அதைக் கழுத்தில் கட்ட வைக்கிறார். நடுவே முறுக்கு, இரண்டு கை விரல்களும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மூடணும். முறுக்கு நகர்கிற திசைக்குள் முடி மாட்டினால் வேரோடு வரும், தோல் மாட்டினால் வெட்டும். தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்வது அதனால்தான். வந்தவர் கண்ணை மூடி, ஒரு விரல் இமைமேல், ஒரு விரல் நெற்றியில் வைத்துப் பிடிக்காவிட்டால் டீச்சர் நூலையே தொட விடமாட்டார்.

தியரி வகுப்பு எனக்குப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பு மலையாளத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், என் நோட்டு தமிழில். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று. 1975-இல் ஹார்வர்டு தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அதைக் கொண்டுவந்தபோது வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை வைத்தார். வெயிலில் நின்றால் பொசுங்குமா, கறுக்குமா என்பதுதான் கேள்வி. பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பிற்பாடுதான் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருகிறோம்.

இது வெறும் சரித்திரம் இல்லை. எங்கள் புத்தகத்தில் “எரிச்சல் வந்தால் தோல் சிவக்கும், நிறுத்திவிடு” என்று இருக்கிறது. பக்கத்தில் தக்காளி நிறத்தில் ஒரு வெள்ளைக்காரக் கன்னம். விழிஞ்ஞத்துப் பெண்ணின் கன்னத்தில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. அவள் தோலில் எரிச்சல் கொஞ்சம் கருஞ்சிவப்பாக, சில சமயம் கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். சில சமயம் ஒன்றுமே தெரியாது, தொட்டால் சூடு மட்டும் இருக்கும். கவனிக்காமல் தேய்த்துவிட்டால் இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் கரும்படை வரும், போக மாதக்கணக்காகும். டீச்சர் அதனால் புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கப் பழக்குகிறார். கண்ணை நம்பாதே, கையை நம்பு என்பார்.

இந்த ஊர்த் தோலுக்கென்று சில விஷயங்கள் உண்டு. வியர்வையும் ஈரக்காற்றும் வருடம் முழுக்க இருப்பதால் தேமல் நிறைய; முதுகிலும் கழுத்திலும் வெளிறிய திட்டுகள். ஸ்கிரப் போட்டால் போகும் என்று நினைத்து வருவார்கள், அது பூஞ்சை, மருந்துக்கடை சமாச்சாரம். இன்னொன்று நெற்றியில் முடி தொடங்கும் ஓரமாக வரிசையாகப் பொடிப்பொடியாக வரும் குருக்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலை, எண்ணெய் வழியும் நெற்றி, மேலே வெயில். தோல் மருத்துவப் புத்தகங்களில் தலைக்குப் போடும் எண்ணெயால் வரும் பரு என்றே தனியாக ஒரு பிரிவு உண்டு. எத்தனை ஃபேஷியல் செய்தாலும் அது திரும்ப வரும். எண்ணெயை ராத்திரி வைத்துக் காலையில் அலசு, தலையணை உறையை மாற்று என்று சொன்னால் காசு வராது, ஆனால் குரு போகும். கேரளத்தில் ஒரு பெண்ணிடம் எண்ணெயைக் குறை என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்!

கஸ்தூரி மஞ்சள் கதையும் இருக்கிறது. எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்து, கதைகளிலும் எழுதி வைத்துவிட்டுப் போன அதே சாலை பஜாரில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் பேக் போடுவதற்கு அங்கேதான் வாங்குவோம்: ராமச்சம் (வெட்டிவேர்), உடம்பு தேய்க்க இஞ்சப் பட்டை, செம்பருத்திப் பொடி. கஸ்தூரி மஞ்சள் கேட்டால் பளீரென்ற மஞ்சளில் ஒரு பொடி வரும். அது அநேகமாக மஞ்சக்கூவை என்ற வேறொரு கிழங்கு. நிஜமான கஸ்தூரி மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிறித்தான் இருக்கும், கற்பூரம் கலந்த வாசனை வரும், முகத்தில் மஞ்சள் ஒட்டாது. மஞ்சளாக இருந்தால்தான் மஞ்சள் என்று வாங்குகிறவர்கள் நினைப்பதால், கடைக்காரரைக் குறை சொல்லியும் பயன் இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதற்கு வருகிறேன்.

நாங்கள் செய்து பழகுவதற்கு வெளியாட்கள் வரும் மாடல் நாள் ஒன்றில் ஒரு பெண் வந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம். முகம் கழுத்தைவிட இரண்டு மடங்கு வெளுப்பு, மெழுகு பூசியது போல வழவழப்பு. பக்கத்தில் போய் லென்ஸ் விளக்கில் பார்த்தால் கன்னம் முழுக்க மெல்லிய சிவப்பு நரம்புகள், மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்திருந்தது, தாடையில் ஒரே மாதிரி குட்டிக்குட்டிப் பருக்கள். எங்களுக்கெல்லாம் கை அரித்தது: பிளீச், வேக்ஸ், ஃபேஷியல், ஒரே ஆளில் எல்லாப் பாடமும் பழகலாம். டீச்சர் குளிர்ந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து முகத்தில் வைத்துவிட்டு, “எத்தனை நாளா அந்த கிரீம் போடறே மோளே?” என்றார். அவள் முதலில் எந்த கிரீமும் இல்லை என்றாள். பிறகு அழுதாள்.

ஸ்டீராய்டு. இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-லேயே இந்த முகத்துக்குத் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவு பேர் வருகிறார்கள். படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் கொஞ்ச நாளைக்கு எழுதித் தரும் கிரீமை, வெளுப்பதற்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தினால் எரிந்து சிவந்து பழிவாங்கும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். 2018-இல் இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. அந்த முகத்தில் வேக்ஸ் போட்டால் தோலும் சேர்ந்து உரிந்து வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படித்தான், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்ஸ் கூடாது. டீச்சர் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லி, அதுவரை சோப்பும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். போகும்போது அவள் அம்மா, “வேற பார்லர்ல செய்வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். செய்வார்கள்தான். அதுதான் விஷயமே.

இதைவிட மோசமானது பாதரசம். நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கும், வெளுப்பு வேகமாக வரும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் இருக்கும் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நெல்-1 என்ற அபூர்வமான புரதம் இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடைகடையாகச் சோதனை தொடங்கியது. நம் நாட்டு விதிப்படி அழகுப் பொருளில் தப்பித் தவறிக் கலந்திருக்கக்கூடிய பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2025 தொடக்கத்தில் வந்த மூன்றாம் கட்டச் சோதனையில் சில லிப்ஸ்டிக்கிலும் கிரீமிலும் அதைப்போல 12,000 மடங்கு வரை இருந்ததாகச் சொன்னார்கள்.

மருந்துத் துறை கடையைச் சோதிக்கலாம். வீட்டில் எந்த டப்பா இருக்கிறது என்று தெரியவருவது எங்களுக்குத்தான். டவலைப் போர்த்தி, முடியைப் பின்னுக்குக் கட்டி, வெளிச்சத்தில் முகத்தை இத்தனை பக்கத்தில் பார்ப்பது வேறு யார்? டாக்டரிடம் போக வெட்கப்படுகிறவர்கள் மாதத்துக்கொரு தரம் பார்லருக்கு வருகிறார்கள். இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காக. நூலை எப்படி முறுக்குவது என்பதற்கு டெக்சஸ் மாதிரி 750 மணி நேரம் வேண்டாம். எந்த முகத்தைத் தொடக்கூடாது என்று தெரிகிறதா என்பதற்கு ஒரு பரீட்சை, அதில் தேறாதவர் கையில் வேக்ஸ் கூடாது. அவ்வளவு போதும்.

அடுத்த பக்கத்து வேலியும் தெரியணும். குளுட்டாதயோன் ஊசி, லேசர், ஃபில்லர் எல்லாம் எங்கள் வேலை இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், அழகு சிகிச்சைகளையும் முடி நடுவதையும் பற்றி டாக்டர்களுக்கே சொன்னது: பட்டறையில் பார்த்ததோ யூடியூப் பார்த்ததோ போதுமான பயிற்சி ஆகாது. இங்கேயோ மெஷின் விற்க வருகிற ஆள், “வாங்கினா ஒரு நாள் டிரெய்னிங் ஃப்ரீ” என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சேர நினைத்து எனக்கு எழுதும் பெண்களுக்கு: ஆல்பம் பார்க்க வேண்டாம், கருவி கழுவும் தொட்டியைப் பாருங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து என்று கேளுங்கள், தியரி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். கேட்டதும் சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.

எங்களுக்கு மாடல்கள் எப்போதும் தேவை. காசு வாங்குவதில்லை. மாடல் நாள் செவ்வாயும் வெள்ளியும். அந்தக் கிழமையில் முடி எடுக்கக்கூடாது என்று கரமனை, வலியசாலைத் தமிழ் வீடுகளிலிருந்து ஒருத்தரும் த்ரெடிங்குக்கு வரமாட்டேன் என்கிறீர்கள். சரி, ஃபேஷியலுக்கு வாருங்கள், அதில் எதையும் எடுக்கமாட்டோம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரணும். வீட்டில் பூசும் டப்பாவையும் கூடவே கொண்டு வரணும்.